ஐம்பது மீட்டர்

ஓ.டி. பணம் ஒன்பதாயிரம்
காக்கிப் பையில், டிக்கெட் கட்டு மாதிரி மடித்து.
செவ்வாய் எனக்கு வார ஓய்வு.
நாலு ரோட்டில் ரவூஃப் கடைக்குப் போனேன்.
கேரம் பலகைகளுக்குப் பின்னால் ஒரு பீரோவில்
அவர் பூட்டி வைத்திருக்கும்
இரண்டே இரண்டு ஸ்கோப்புகளைப் பார்க்க.

நாற்பத்தாறு வயதில்
பின்குறி, முன்குறி, கறுப்பு வட்டம்
மூன்றும் சேர்ந்து தெளிய மாட்டேனென்கின்றன.
ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டும்
பதினாலாம் வளைவில் பனிக்குள் நின்று
கை காட்டும் ஆட்களாகிவிடுகின்றன.

முதலாவது: ஆறிலிருந்து இருபத்துநாலு மடங்கு.
முழங்கை நீளம். எட்டாயிரத்து எழுநூறு.
பொத்தானை அமுக்கினால் குறுக்குக்கோடு சிவக்கிறது,
மறுபடி அமுக்கினால் பச்சை.
சிக்னல் மாதிரி இருக்கே என்றேன்.
மஞ்சளும் வரும் சார், அடுத்த மாடல்ல.

வாசலில் நின்று எதிர் மாடியைப் பார்த்தேன்.
இருபத்துநாலில்
துணிக் கிளிப்பின் துரு தெரிந்தது,
தெரிந்ததும் ஓடிப்போனது.
என் நாடியையும் அது
இருபத்துநாலால் பெருக்கிவிட்டது.

இரண்டாவது: நாலு மடங்கு.
கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.
ஐயாயிரத்து இருநூறு.

போனில் ஜெயக்கொடி சொன்னாள்:
அவ்வளவு பக்கத்துல தெரிஞ்சா எதுக்குச் சுடணும்?
நடந்துபோய் விரலால ஓட்டை போட்டுட்டு வாங்க.

ரவூஃப் இரண்டையும் கொடுத்தனுப்பினார், ஞாயிறு வரை.
ஆயிரம் முன்பணம். மீதிக்கு என் முகம்.

அடிவாரத்தில் கிளப்பின் மைதானம்.
இலக்குத் தாள்களுக்குப் பின்னால்
மேக்னசைட் கழிவின் வெள்ளை மேடு,
காலை எட்டு மணிக்கே கண்ணைக் கூசும்.
எஸ்டேட்டில் கணக்கு எழுதும் டயானா மேரி
மணல்மூட்டைகளில் ரைஃபிளைப் படுக்கவைத்தாள்.
பெரியதை மாட்டினாள். போல்ட்டைக் கழற்றி
என் கையில் கொடுத்தாள்.

தொடாதீங்க அண்ணா. தலையை மட்டும் ஆட்டுங்க.
முதல்ல ஆமாம். அப்புறம் இல்லை.

ஆமாம் என்றேன்.
குறுக்குக்கோடு பத்திலிருந்து எழுந்து
ஒன்பதின் விளிம்பு வரை போய் வந்தது.
இல்லை என்றேன். பக்கவாட்டில் அதே ஊசல்.
ரைஃபிள் அசையவில்லை.
தாள் அசையவில்லை.

எனக்கு இது தெரியும்.
இருபது வளைவிலும் இறங்கும்போது
இடப்பக்கம் நிற்கும் கண்டக்டர் மாதையன்
மீட்டரைப் பார்த்துவிட்டு, அண்ணே முப்பது என்பான்.
என் இருக்கையில் இருபத்தைந்து.
ஒரே முள், ஒரே வண்டி.
எட்டு வருடமாக இந்தச் சண்டை.

பெரியது நூறு மீட்டருக்குப் பூட்டப்பட்டது,
பாரலாக்ஸ் என்றாள் டயானா.
நமக்கு ஐம்பதுதானே.

மேலே இருபது கிளிக், வலதே இருபது,
கீழே இருபது, இடதே இருபது.
புறப்பட்ட ஓட்டைக்கே வந்து சேர வேண்டும்.
கட்டைவிரல் அகலம் தள்ளி இறங்கியது,
ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்திய பஸ் மாதிரி.

சின்னது ஐம்பதுக்கென்றே செய்தது.
ஆமாம் என்றாலும் பத்து,
இல்லை என்றாலும் பத்து.
கிளிக்குகள் ஒருமுறை சுற்றிவிட்டு
வீட்டுக்கே திரும்பின.

படுத்தேன். பத்து தோட்டா.
கறுப்பு வட்டம் மிளகளவு.
கிளிப்பின் துரு இல்லை, தாளின் சுருக்கம் இல்லை,
என் நாடியும் கண்ணில் படவில்லை.
நடுக்கம் நின்றுவிடவில்லை,
என்னிடம் சொல்லாமல் நடுங்குகிறது,
அவ்வளவுதான்.

எண்பத்தொன்பது.
ஸ்கோப்பே இல்லாமல் டயானா தொண்ணூற்றாறு.
அதைப் பற்றி அவள் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.

பெரியதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன்.
பச்சை விளக்கை அணைக்க மறந்திருந்தேன்.
மிச்சக் காசில் தோட்டாப் பெட்டிகள்.
ரவூஃபுக்கு வருத்தம்தான்,
முகத்தில் காட்டாமல் ரசீது எழுதினார்.

திங்கள் கடைசி ட்ரிப்.
பனி கண்ணாடியில் ஒட்டியது, வைப்பர் அழுதது.
ஒன்பதாம் வளைவில்
மாதையன் எட்டிப் பார்த்து, அண்ணே, முப்பது.

இங்க வந்து உட்கார்ந்து பார் என்று
எட்டு வருடமாகச் சொல்லிவந்த வாய்
இன்றைக்குத் திறக்கவில்லை.
ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்தேன்.